அஞ்சறைப் பெட்டியும் மளிகைக் கணக்கும்

தமிழர் வீட்டுச் சமையலறையில் அடுப்புக்கு அருகே, கை எட்டும் இடத்தில் இருப்பது அஞ்சறைப் பெட்டி. கடுகு, சீரகம், வெந்தயம், மிளகு, உளுத்தம்பருப்பு என ஒவ்வொன்றுக்கும் அதில் தனி அறை உண்டு. பெயர் ஐந்து அறை என்று சொன்னாலும், இன்று கடைகளில் கிடைக்கும் வட்ட வடிவ எவர்சில்வர் பெட்டிகளில் பெரும்பாலும் ஏழு கிண்ணங்கள் இருக்கின்றன. எந்தப் பொருள் குறைந்துள்ளது என்பதை மூடியைத் திறந்தவுடன் அறியலாம். எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டி வைத்தால், டப்பா நிறைந்திருப்பது மட்டுமே தெரியும். கடுகு தீர்ந்துபோனது தெரியாது.

வீட்டின் மளிகைச் செலவும் அத்தகையதே. மாதக் கடைசியில் மொத்தத் தொகையைக் கூட்டிப் பார்ப்பவருக்குச் செலவு மிகுந்தது என்பது மட்டும் விளங்கும். எதனால் மிகுந்தது என்பது விளங்காது. விளங்காதபோது, கண்ணுக்கு முதலில் படும் பொருளின்மேல் பழி விழும். பெரும்பாலான வீடுகளில் அப்பழியைச் சுமப்பவை அரிசியும் பருப்பும் பாலும்.

தில்லியின் இராமகிருஷ்ணபுரத்தில், அரசு ஊழியர் குடியிருப்பு ஒன்றில் வாழும் கற்பனைக் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்க. அப்பா மத்திய அரசு அலுவலர். திருச்சியிலிருந்து மாற்றலாகி வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அம்மா வீட்டைக் கவனித்துக்கொள்கிறார். பாட்டி உடன் இருக்கிறார். மகள் மலர்விழி எட்டாம் வகுப்பிலும், மகன் கதிர் மூன்றாம் வகுப்பிலும் படிக்கின்றனர். மளிகைக்கென்று மாதந்தோறும் 14,000 ரூபாய் ஒதுக்குவது வழக்கம். அப்பணம் சில மாதங்களாக இருபத்திரண்டாம் தேதிக்குள் தீர்ந்துவிடுகிறது.

"அரிசி விற்கிற விலையில் வேறு என்ன செய்வது? நம் ஊர்ப் பொன்னி அரிசிக்கு இங்கே தனி விலை கொடுக்க வேண்டியிருக்கிறது" என்றார் அப்பா. "பருப்பையும் சேர்த்துச் சொல், தம்பி" என்றார் பாட்டி. அம்மா எதுவும் சொல்லவில்லை. மறுநாள் முதல் பாலை ஒன்றரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டராகக் குறைப்பது என்றும், சாம்பாருக்குப் போடும் பருப்பைச் சற்றுக் குறைப்பது என்றும் முடிவாயிற்று.

இம்முடிவு மேலோட்டமாகப் பார்த்தால் சிக்கனமாகத் தோன்றும். ஆனால் இதன் சுமை யார்மேல் விழும் என்பதைச் சிந்திக்க வேண்டும். பால் குறைந்தால் குழந்தையின் தம்ளரில் குறைக்க மனம் வராது. பாட்டியின் தயிரிலும் குறைக்க முடியாது. கடைசியாக உண்பவரின் பங்கே குறையும். பல வீடுகளில் கடைசியாக உண்பவர் அம்மா. அவர் தட்டில் குறைந்தது எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை.

அந்த வாரம் மலர்விழியின் கணக்குப் பாடத்தில் சதவீதமும் பட்டை வரைபடமும் நடந்துகொண்டிருந்தன. வீட்டில் ஏதேனும் ஒரு விவரத்தைத் திரட்டி வரைபடம் வரைந்து வருமாறு ஆசிரியர் கூறியிருந்தார். அவள் மளிகைச் செலவைத் தேர்ந்தெடுத்தாள். பழைய குறிப்பேடு ஒன்றில் பக்கங்களைப் பிரித்து ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தலைப்பு இட்டாள். பிறகு ஒரே ஒரு விதியை எல்லாருக்கும் சொன்னாள்: யார் எதை வாங்கினாலும், அன்று இரவு படுக்கப் போகும்முன் அதை உரிய பக்கத்தில் எழுதிவிட வேண்டும், அப்பாவின் சட்டைப்பையிலிருந்து போகும் பணமும் இதில் அடங்கும். பாலும் பருப்பும் அந்த ஒரு மாதம் மட்டும் பழைய அளவிலேயே இருக்கட்டும் என்று அவள் கேட்டுக்கொண்டாள். அளவை மாற்றிவிட்டால் உண்மைக் கணக்கு கிடைக்காது என்பது அவள் கூறிய காரணம்.

எழுதத் தொடங்கிய பிறகுதான் சில ஐயங்கள் எழுந்தன. கடையிலிருந்து வந்த ஒரே ரசீதில் துவரம்பருப்பும் இருந்தது, துணி சோப்பும் இருந்தது. ரசீதின் மொத்தத்தை மளிகை என்று எழுதுவதா? கூடாது. ரசீதைப் பிரித்துப் பருப்பைப் பருப்பின் பக்கத்திலும், சோப்பைத் துப்புரவுப் பொருள்களின் பக்கத்திலும் எழுத வேண்டும். கடைக்காரர் தரும் ரசீது கடையின் வசதிக்கானது. வீட்டுக் கணக்கின் பிரிவுகளை வீட்டார்தாம் வகுக்க வேண்டும். அடுத்த ஐயம் புளியையும் மிளகாயையும் பற்றியது. கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது ஓராண்டுக்கு வேண்டிய புளியும் வற்றல் மிளகாயும் 1,800 ரூபாய்க்கு வாங்கி வந்திருந்தார்கள். அதனை வாங்கிய மாதத்தில் எழுதினால் அம்மாதச் செலவு வீங்கித் தெரியும். மற்ற பதினொரு மாதங்களும் மெலிந்து தெரியும். எனவே அத்தொகையைப் பன்னிரண்டால் வகுத்து மாதத்திற்கு 150 ரூபாய் என்று எழுதினாள். பொங்கல், தீபாவளிச் செலவுகளையும் இவ்வாறே முன்கூட்டிப் பகிர்ந்துகொள்ளலாம்.

எத்தனை தலைப்புகள் தேவை என்பதும் ஒரு கேள்வியே. இரண்டே தலைப்புகள் இருந்தால் ஒன்றும் தெரியாது. முப்பது தலைப்புகள் இருந்தால் மூன்றாம் நாளே எழுதுவதை விட்டுவிடுவார்கள். மலர்விழி எட்டுத் தலைப்புகளோடு நிறுத்திக்கொண்டாள். மீனும் இறைச்சியும் வாங்கும் வீடுகளில் அவற்றுக்கு ஒரு தனிப் பக்கம் தேவைப்படும். கைக்குழந்தை உள்ள வீட்டில் வேறொன்று தேவைப்படும்.

மாத முடிவில் அவள் கூட்டிய கணக்கு இது:

தானியம் (அரிசி, கோதுமை மாவு, ரவை) – 2,100 ரூபாய்
பருப்பு, பயறு – 1,150 ரூபாய்
எண்ணெய், நெய் – 1,200 ரூபாய்
பால் – 2,700 ரூபாய்
காய், கீரை, பழம் – 3,350 ரூபாய்
மசாலாப் பொருள்கள், சர்க்கரை, காபித்தூள், தேயிலை – 1,300 ரூபாய்
பொட்டலத் தின்பண்டமும் வெளி உணவும் – 4,000 ரூபாய்
சோப்பு முதலிய துப்புரவுப் பொருள்கள் – 1,400 ரூபாய்
மொத்தம் – 17,200 ரூபாய்

வரைபடத்தில் எல்லாவற்றையும்விட உயர்ந்து நின்ற பட்டை எது என்பதைக் கண்டு வீட்டில் சிறிது நேரம் பேச்சில்லை. பழி சுமந்த அரிசியும் பருப்பும் சேர்ந்தே 3,250 ரூபாய்தான். அதாவது மொத்தத்தில் ஏறத்தாழ 19 சதவீதம். பொட்டலத் தின்பண்டமும் வெளி உணவும் மட்டும் 23 சதவீதத்துக்கு மேல். அந்தப் பக்கத்தை மேலும் பிரித்துப் பார்த்தார்கள். பிஸ்கட், சிப்ஸ், நூடுல்ஸ், சாக்லேட் ஆகியவற்றுக்கு 1,450 ரூபாய். குளிர்பானங்களுக்கும் பழச்சாறுப் பொட்டலங்களுக்கும் 650 ரூபாய். ஓட்டலிலிருந்து இருமுறை வாங்கிய உணவுக்கு 480 ரூபாய். அப்பா அலுவலக உணவகத்தில் அருந்திய தேநீரும் சமோசாவும், நாளொன்றுக்கு 40 ரூபாய் வீதம் 26 நாள்களுக்கு 1,040 ரூபாய். எஞ்சிய 380 ரூபாய்க்குப் பொருளே இல்லை! கைப்பேசிச் செயலி வழியாக 19 முறை பொருள் வரவழைத்ததற்கு முறைக்கு 20 ரூபாய் வீதம் கொடுத்த கொண்டுவரும் கூலி அது. அவற்றுள் ஒருமுறை வந்தது ஒரு கட்டுக் கொத்துமல்லி மட்டும்.

"நாற்பது ரூபாய் என்ன பெரிய செலவு என்று நினைத்தேன்" என்றார் அப்பா. அவர் நினைத்தது இயல்பானதே. அரிசி மூட்டை மாதத்தில் ஒரு முறை, ஒரே தொகையாக, எல்லார் கண்முன்னும் வீட்டுக்குள் வருகிறது. அதனால் அதன் விலை மனத்தில் பதிகிறது. சமோசா இருபத்தாறு முறை, சிறு தொகையாக, வீட்டுக்கு வெளியே முடிந்துவிடுகிறது. தலைப்பு வாரியாக எழுதும்போது மட்டுமே இவ்விரண்டும் அருகருகே நிற்கின்றன.

இத்தகைய நிலை இக்கற்பனைக் குடும்பத்துக்கு மட்டும் உரியதன்று. இந்திய அரசு நடத்தும் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, 2023–24-இல் நகர்ப்புறக் குடும்பங்களின் மொத்தச் செலவில் பானங்கள், சிற்றுண்டி, பதப்படுத்திய உணவு ஆகிய பிரிவின் பங்கு ஏறத்தாழ 11 சதவீதம். உணவுப் பிரிவுகளுள் இதுவே பெரியது. தானியங்களின் பங்கு இதைவிட மிகக் குறைவு. சிற்றூர்களிலும் இப்பிரிவே முன்னிற்கிறது. ஒட்டுமொத்த உணவுச் செலவின் பங்கோ குறைந்து வந்துள்ளது. 1999–2000-இல் சிற்றூர்க் குடும்பச் செலவில் ஏறத்தாழ 59 சதவீதம் உணவுக்குச் சென்றது. 2023–24-இல் அது 47 சதவீதம். நகரங்களில் 48 சதவீதமாக இருந்தது 40 சதவீத அளவுக்கு இறங்கியுள்ளது.

வருமானம் உயர உயர, செலவில் உணவின் பங்கு குறையும் என்னும் இந்த உண்மையை முதலில் வகுத்துரைத்தவர் செருமானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கல். 1857-இல் அவர் பெல்ஜிய நாட்டுத் தொழிலாளர் குடும்பங்களின் செலவுக் கணக்குகளை உணவு, உடை, உறைவிடம் எனத் தலைப்பு வாரியாகப் பிரித்து ஒப்பிட்டார். பொருளியலில் இன்றும் அவர் பெயராலேயே வழங்கும் அவ்விதி, ஏழைத் தொழிலாளர் வீட்டுக் கணக்குகளைத் தலைப்பு வாரியாகப் படித்ததிலிருந்து பிறந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

மீண்டும் இராமகிருஷ்ணபுரத்து வீட்டுக்கு வருவோர், பாலையும் பருப்பையும் குறைப்பதென்ற பழைய முடிவு என்னவாயிற்று என்று கேட்கக்கூடும். மலர்விழி அதையும் கணக்கிட்டாள். பாலில் நாளுக்கு அரை லிட்டர் குறைத்தால், லிட்டர் 60 ரூபாய் வீதம் மாதம் 900 ரூபாய் மிஞ்சும். ஆனால் மிகுந்த செலவோ 3,200 ரூபாய். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 2,000 கிலோகலோரி கொண்ட ஒருநாள் மாதிரி உணவில் 300 மில்லிலிட்டர் பாலைச் சேர்த்துள்ளது. ஐவருக்கு அது சரியாக ஒன்றரை லிட்டர். அதே மாதிரி உணவில் பருப்பு, முட்டை, இறைச்சி வகைக்கு 85 கிராம் குறிக்கப்பட்டுள்ளது. இக்குடும்பத்தார் முட்டையும் இறைச்சியும் உண்பதில்லை. மாதத்துக்கு வாங்கும் பருப்பும் பயறும் 8 கிலோ. ஆளுக்கு நாளொன்றுக்கு 53 கிராம்தான் வருகிறது. குறைக்க நினைத்த பருப்பு, உண்மையில் ஏற்கெனவே போதாமல் இருந்தது.

செலவுத் திட்டம் என்றாலே குறைப்பது என்று பலர் பொருள் கொள்கின்றனர். இந்த வீட்டின் புதிய திட்டத்தில் ஒரு தலைப்பின் தொகை கூட்டப்பட்டது. பருப்பு, பயறு 1,150 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாயிற்று. மாலையில் பள்ளிவிட்டு வந்ததும் கதிர் கேட்கும் சிப்ஸுக்குப் பதிலாக, வாரத்தில் நான்கு நாள் கொண்டைக்கடலை, பாசிப்பயறு, தட்டைப்பயறு எனச் சுண்டல் வந்தது. தேங்காய்த் துருவலும் மாங்காய்த் துண்டும் சேர்ந்தால் கதிர் மறுப்பதில்லை. அவை இல்லாத நாளில் மறுப்பான். சிப்ஸ் அறவே நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு உரியதாயிற்று.

காய்கறிப் பக்கம் வேறு வகையானது. அதன் விலை நிலையாக நிற்காது. 2023 சூலையில் தில்லியில் தக்காளி விலை கடுமையாக உயர்ந்தது. தேசியக் கூட்டுறவு நுகர்வோர் கூட்டமைப்பு நடுவண் அரசின் உதவியுடன் முதலில் கிலோ 90 ரூபாய்க்கும், பிறகு 80, 70 எனக் குறைத்தும் தக்காளி விற்றது. அதுபோன்ற காலத்தில், தக்காளிக்கு இவ்வளவு என்று தனித்தனியே வரம்பு கட்டியவர் திண்டாடுவார். காய், கீரை, பழம் என்னும் தலைப்பு முழுவதற்கும் ஒரு தொகை வைத்தவர், தக்காளியைக் குறைத்துக்கொண்டு மற்றொரு காயைக் கூட்டிக்கொள்வார். புளி இருக்கும் சமையலறையில் தக்காளி இல்லாத குழம்பு புதிதும் அன்று. தில்லியில் குளிர்காலம் காய்கறிக்கு நல்ல காலம்: காரட், பட்டாணி, காலிஃபிளவர், பசலை, வெந்தயக்கீரை ஆகியவை மலிந்து கிடைக்கும். கோடையில் சுரைக்காயும் பீர்க்கங்காயும் கைகொடுக்கும். கிழமைக்கு ஓரிடமாகத் தெருவோரம் கூடும் வாரச்சந்தையில், இரவு கடை கட்டும் வேளையில் விலை இறங்குவதை இந்நகரத்துக்கு வந்த எவரும் விரைவில் அறிந்துகொள்வர்.

பொட்டலப் பொருள்களை வாங்கும்போது வேறொரு கவனம் வேண்டும். உறையின்மேல் அதிகபட்ச சில்லறை விலை அச்சிடப்பட்டிருக்கும். வரிகள் அனைத்தும் அதில் அடங்கும். 2021-இல் விதிகளில் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, ஒரு கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு என்ன விலை என்னும் அலகு விலையும் குறிக்கப்பட வேண்டும். பெரிய பொட்டலமே மலிவு என்பது பொதுவான நம்பிக்கை. அது எப்போதும் சரியன்று. 200 கிராம் 46 ரூபாய் என்றால் கிராமுக்கு 23 காசு. 500 கிராம் 120 ரூபாய் என்றால் கிராமுக்கு 24 காசு. மேலும், மலிவென்று வாங்கிய பெரிய பொட்டலத்தில் பாதி நமுத்துப்போனால் அது மலிவாகாது.

அடுத்த மாதக் கணக்கு 15,400 ரூபாயில் முடிந்தது. பொட்டலமும் வெளி உணவும் 4,000 ரூபாயிலிருந்து 2,150 ரூபாயாக இறங்கியிருந்தன. அப்பா வீட்டிலிருந்து குடுவையில் தேநீர் கொண்டு சென்றார். சமோசா வெள்ளிக்கிழமைக்கு உரியதாயிற்று. செயலி வழியே வரவழைப்பது நான்கு முறையோடு நின்றது. பால் 2,700 ரூபாய் என்ற இடத்திலேயே இருந்தது. இருப்பினும், ஒதுக்கிய 14,000 ரூபாய்க்குமேல் 1,400 ரூபாய் கூடியிருந்தது.

அப்போதுதான் அம்மா பேசினார். "பதினான்காயிரம் என்பது நாம் தில்லிக்கு வந்தபோது போட்ட கணக்கு. அப்போது கதிர் பால்வாடிக் குழந்தை. மூன்று ஆண்டுகளாக அந்த எண்ணை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சோப்பையும் துடைப்பத்தையும் வேறு அதற்குள்ளேயே வாங்கி வந்தேன்."

அவர் கூறியது சரியே. துப்புரவுப் பொருள்களுக்கு ஆன 1,300 ரூபாயைக் கழித்தால், உணவுக்கு ஆனது 14,100 ரூபாய் மட்டுமே. இத்தனை மாதங்களாக அவர் மிகையாகச் செலவிடவில்லை. வரம்புதான் பழையதாகிப் போயிருந்தது. உணவுக்கு 14,200 ரூபாய், துப்புரவுக்கு 1,300 ரூபாய் என இரண்டாகப் பிரித்து, மொத்தம் 15,500 ரூபாய் என்று புதிய வரம்பு எழுதப்பட்டது. மொத்தத் தொகையைக் காட்டி ஒருவரைக் குறை சொல்வது எளிது. பிரித்து எழுதிய கணக்கின் முன்னால் அது எளிதன்று. கணக்கேடு இல்லத்தரசியைக் கண்காணிக்கும் கருவியன்று. செலவிடும் எல்லாரும் எழுதும்போதுதான் அது வீட்டின் கணக்காகிறது.

மலர்விழியின் வரைபடத்துக்கு ஆசிரியர் பத்துக்கு எட்டு மதிப்பெண் தந்தார். அளவுகோல் குறிக்க அவள் மறந்துவிட்டாள்.

சொற்பொருள்

தலைப்பு வாரியாக – ஒவ்வொரு பிரிவாக
வரம்பு – எல்லை. இவ்வளவுதான் என வகுத்த அளவு
நமுத்தல் – ஈரக்காற்றால் மொறுமொறுப்பு இழத்தல்
அலகு விலை – ஓர் அளவுக்கு (ஒரு கிராம், ஒரு கிலோ) உரிய விலை
நுகர்வு – பொருளைப் பயன்படுத்தல்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. புளி, மிளகாய்ச் செலவை மலர்விழி பன்னிரண்டால் வகுத்தது ஏன்?
2. பாலைக் குறைத்திருந்தால் யாருடைய பங்கு குறைந்திருக்கும்? அது கணக்கேட்டில் ஏறாதது ஏன்?
3. புதிய திட்டத்தில் எந்தத் தலைப்பின் தொகை கூட்டப்பட்டது?

ஆ. கணக்கிட்டு எழுதுக.
1. முதல் மாதச் செலவில் காய், கீரை, பழம் ஆகியவற்றின் பங்கு எத்தனை சதவீதம்?
2. 250 கிராம் மிளகாய்த்தூள் 70 ரூபாய். 400 கிராம் 108 ரூபாய். எது மலிவு?

இ. கலந்துரையாடுக.
பிறந்தநாளுக்கு வீட்டில் கேசரி செய்ய ரவையும் நெய்யும் சர்க்கரையும் முந்திரியும் வாங்கப்பட்டன. இச்செலவைத் தானியம், எண்ணெய் முதலிய பக்கங்களில் பிரித்து எழுதலாமா? விழாச் செலவு என்று தனியே எழுதலாமா? இரு தரப்புக்கும் காரணம் கூறுக.

ஈ. செயல்பாடு
வீட்டுப் பெரியவர்களின் ஒப்புதலோடு ஒரு வாரத்துக்கு மட்டும் மளிகைச் செலவைத் தலைப்பு வாரியாக எழுதுக. தொகைகளை வகுப்பில் வெளியிட வேண்டா. சதவீதங்களை மட்டும் கொண்டு பட்டை வரைபடம் வரைக. அளவுகோல் குறிக்க மறவாதீர்.